ஷெரீன் பான்: ரூபாய் 68ஐத் தாண்டிய வாரத்தில் ஆசிரியர் ஆனவர்

2013 ஆகஸ்ட் 28ஆம் தேதி டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. அதுவரை ரூபாய் அவ்வளவு கீழே போனதில்லை. நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 1 அன்று, சிஎன்பிசி-டிவி18 சேனலின் நிர்வாக ஆசிரியராக ஷெரீன் பான் பொறுப்பேற்றார். அதற்கு மூன்று நாள் கழித்து ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநர் ஆனார்.

ராஜன் வந்த கதையை நிறைய பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு ஆர்வம் அந்த நடுத் தேதியில்தான். ஒரு சேனலில் ஆசிரியர் மாறுவது பெரிய செய்தியா என்று கேட்கலாம். இந்திய வணிகச் செய்தி எந்தப் பக்கம் திரும்பியது என்று புரிந்துகொள்ள அந்த நாற்காலி மாற்றம் ஒரு நல்ல அடையாளம் என்று நினைக்கிறேன். திருப்பூர்க்காரன் பார்வையில் அது ஏன் முக்கியம் என்பதையும் சொல்ல முயல்கிறேன். முன்னாடியே சொல்லிவிடுகிறேன், நான் பி.இ. முடித்துவிட்டு சாஃப்ட்வேரில் காலம் தள்ளுகிறவன். பொருளாதாரம் படித்தவன் இல்லை, பனியன் கம்பெனி நடுவில் வளர்ந்தவன், அவ்வளவுதான்.

டாலர் ஏறினால் கொண்டாட்டமா?

வெளியூர் நண்பர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. "டாலர் ஏறிடுச்சு, உங்க ஊருக்கு யோகம்தானே?" அவ்வளவு சுலபமாக இருந்தால் 2013ல் ஊரே பட்டாசு வெடித்திருக்கும்.

ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று ஆர்டர் எடுக்கிறபோது விலையை டாலரில் பேசும். துணி, சாயம், தையல் கூலி, அட்டைப்பெட்டி எல்லாம் ரூபாயில் கொடுக்கும். பணம் கைக்கு வர மூன்று நாலு மாசம் ஆகும். அதற்குள் டாலர் எங்கே போகுமோ என்ற பயத்தில் வங்கியில் ஃபார்வர்ட் கவர் எடுத்து வைப்பார்கள். அதாவது, வரப்போகிற டாலரை இன்றைக்கே ஒரு விலைக்கு விற்றுவிடுவது. 56க்கு கவர் எடுத்தவருக்கு டாலர் 68க்குப் போனால் என்ன லாபம்? இன்னொரு பக்கம் பையர் சும்மா இருக்க மாட்டான். "உங்க ரூபாய் விழுந்திருக்கே, விலையைக் குறை" என்று அடுத்த ஆர்டரிலேயே கேட்பான். நிட்டிங் மெஷின் ஜெர்மனி, ஜப்பான், தைவானிலிருந்து வருகிறது. சாயத்திலும் கெமிக்கலிலும் இறக்குமதிப் பங்கு உண்டு. ரூபாய் விழுந்தால் பஞ்சை வெளிநாட்டுக்கு விற்பது லாபமாகி, உள்ளூரில் பஞ்சும் நூலும் ஏறும். ஆக, டாலர் விலை ஏறுவதும் இறங்குவதும் எங்களுக்கு ஒரே அளவு தலைவலி. நிலையாக இருந்தால் போதும் என்பதுதான் ஊர்ப் பிரார்த்தனை.

அந்த வருடம் தலைவலி ஆரம்பித்த இடம் வாஷிங்டன். 2013 மே 22ல் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பென் பெர்னான்கி, பத்திரங்கள் வாங்குவதைக் குறைக்கலாம் என்று நாடாளுமன்றக் குழு முன் கோடி காட்டினார். அவ்வளவுதான், வளரும் நாடுகளிலிருந்து டாலர் வெளியேற ஆரம்பித்தது. அவர் சொன்ன வாக்கியத்துக்கும் காதர்பேட்டைக்கும் நடுவில் யாரோ ஒருவர் உட்கார்ந்து "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. வணிகச் செய்தித் தொலைக்காட்சி செய்ய வேண்டிய வேலை அதுதான். ஆனால் ரொம்ப காலம் அது வேறு ஒரு வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

ஓடுகிற பட்டை

1994 நவம்பரில் தேசியப் பங்குச்சந்தை கணினித் திரை வழியாகப் பங்கு வர்த்தகத்தைத் தொடங்கியது. செயற்கைக்கோள் இணைப்பு இருந்தால் எந்த ஊரிலிருந்தும் வாங்கலாம், விற்கலாம். மும்பை ஆட்கள் கூச்சல் போட்டு நிர்ணயித்த விலை மறுநாள் காலை பேப்பரில் வரும்வரை காத்திருந்த காலம் போய், சின்ன ஊர் புரோக்கர் ஆபீசில்கூட விலை துடிப்பதைப் பார்க்க முடிந்தது. நொடிக்கு நொடி மாறுகிற எண் ஒன்று வந்துவிட்டால், அதை நாள் முழுக்கக் காட்ட ஒரு சேனலும் வரத்தானே செய்யும்.

ராகவ் பஹல் 1993ல் தொடங்கிய டிவி18 நிறுவனம் அமெரிக்க சிஎன்பிசியோடு சேர்ந்து 1999 டிசம்பரில் சிஎன்பிசி இந்தியாவைக் கொண்டுவந்தது. பிறகு அதுவே சிஎன்பிசி-டிவி18. திரையின் அடியில் விலைகள் ஓடும் பட்டைதான் அதன் அடையாளம். அந்தப் பட்டைக்கு டிக்கர் என்று பெயர் வந்ததே, 1867ல் அமெரிக்காவில் வந்த தந்தி அச்சு இயந்திரம் காகித நாடாவில் விலையை அடிக்கும்போது டிக் டிக் என்று சத்தம் போட்டதால்தான். சத்தம் போய்விட்டாலும் பெயர் போகவில்லை.

எங்கள் உறவினர் ஒருவர் சின்னதாக பனியன் கம்பெனி வைத்திருந்தார். அவர் ஆபீஸ் ரூமில் இந்தச் சேனல் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அவரிடம் ஒரு பங்குகூடக் கிடையாது, ஆங்கிலமும் சுமார்தான். "எதுக்குங்க மாமா இதைப் போட்டு வச்சிருக்கீங்க?" என்றால், "டாலர் வருதில்ல கண்ணு, மூலையில" என்பார். மொத்தத் திரையில் அவருக்குத் தேவைப்பட்டது ஓரத்தில் வருகிற ஒரே ஒரு எண். மீதி நேரம் மேலே யாரோ கோட் போட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இதில் ஒரு உண்மை இருக்கிறது. திருப்பூர் கம்பெனிகளில் பங்குச்சந்தையில் பட்டியலானவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. அவிநாசியின் எஸ்.பி. அப்பேரல்ஸ் பட்டியலானதே 2016ல்தான். மற்றதெல்லாம் கூட்டுப் பங்காளி, தனி முதலாளி கம்பெனிகள். அப்படிப்பட்ட ஊருக்குப் பங்கு விலைப் பட்டையால் பெரிய பிரயோஜனம் கிடையாது. டிராபேக் எத்தனை சதவீதம், நூல் ஏற்றுமதிக்கு என்ன விதி, வட்டி என்ன, வரி என்ன, இவைதான் வேண்டும். இவையெல்லாம் மும்பை தலால் தெருவில் முடிவாவதில்லை, டெல்லியில் முடிவாகிறவை.

டெல்லியிலிருந்து வந்த நிருபர்

ஷெரீன் பான் பிறந்தது 1976ல், காஷ்மீரிப் பண்டிதக் குடும்பத்தில். டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் தத்துவம் படித்தார். புனே பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் முதுகலை. வணிகம், கணக்கு, சி.ஏ., எம்.பி.ஏ. எதுவும் இல்லை. கரண் தாப்பரின் தயாரிப்பு நிறுவனத்தில் ஆய்வாளராகச் சேர்ந்ததுதான் முதல் வேலை. தாப்பர் நேர்காணல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எதிரில் இருப்பவர் பத்து வருஷம் முன்னாடி என்ன சொன்னார் என்று தாளை எடுத்துப் படிப்பார். அந்தத் தாளைத் தேடித் தருவதுதான் ஆய்வாளர் வேலை. திரையில் முகம் வராத வேலை. ஆனால் கேள்வி எங்கிருந்து பிறக்கிறது என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பட்டறை கிடைப்பது கஷ்டம்.

அதன்பின் யுடிவியின் செய்திப் பிரிவு. 2000 டிசம்பரில் சிஎன்பிசி. வயது 24.

சேர்ந்த நேரத்தைப் பாருங்கள். 2001 பிப்ரவரி 28ல் யஷ்வந்த் சின்ஹா பட்ஜெட் போட்டார். சந்தை கொஞ்சம் துள்ளியது, சில நாட்களில் சரிந்தது. மார்ச் 30ல் கேத்தன் பாரேக் கைதானார். டாட்காம் கம்பெனிகள் ஏற்கனவே காற்றில் கரைந்துகொண்டிருந்தன. சேனல் தொடங்கிய ஒன்றரை வருஷத்திலேயே, அது காட்டிக்கொண்டிருந்த எண்களில் ஒரு பகுதி செயற்கையாக ஏற்றப்பட்டது என்று தெரிந்துபோனது. ஒன்பது வருஷம் முன்பு, 1992ல், ஹர்ஷத் மேத்தா விவகாரத்தை வெளியே கொண்டுவந்தவர் ஒரு பெண், சுசேதா தலால், அதுவும் அச்சுப் பத்திரிகையில். ஸ்டேட் வங்கியின் கணக்குகளைத் துருவித்தான் அவர் அதைப் பிடித்தார். எண்ணைப் படிப்பது வேறு, எண் எப்படி வந்தது என்று கேட்பது வேறு என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

சிஎன்பிசியில் சந்தை நேரத்தின் முகம் உதயன் முகர்ஜி. பங்குச்சந்தை நடக்கும் நேரம் முழுக்க மும்பை ஸ்டூடியோவிலிருந்து அவர் பேசுவார். 2004 மே 17 ஞாபகம் இருக்கிறதா? தேர்தலில் பாஜக தோற்று, இடதுசாரி ஆதரவுடன் ஆட்சி என்றதும் சென்செக்ஸ் ஒரே நாளில் 564 புள்ளி விழுந்தது, நடுவில் வர்த்தகம் இரண்டு முறை நின்றது. ஐந்து வருஷம் கழித்து 2009 மே 18ல் அதே சென்செக்ஸ் 2,110 புள்ளி ஏறி, அன்றைய வர்த்தகம் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. இரண்டுக்கும் காரணம் தேர்தல் முடிவு. அதாவது விலை மும்பையில் துடித்தது, இதயம் டெல்லியில் இருந்தது. ஷெரீன் பான் இருந்தது அந்த டெல்லியில். சேனலின் டெல்லி அலுவலகத் தலைவராக அமைச்சர்களையும் செயலர்களையும் பேட்டி எடுப்பது அவருடைய வழக்கமான வேலை.

2013ல் உதயன் முகர்ஜி விலகி, அந்த இடத்துக்கு ஷெரீன் பான் வந்ததை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்: சந்தைக்காரர் இடத்துக்குக் கொள்கைக்காரர் வந்தார். வணிகச் செய்தியின் எடை தலால் தெருவிலிருந்து நிதியமைச்சகம் இருந்த நார்த் பிளாக்குக்கு நகர்ந்ததன் பதிவு அது.

பெயர் வைக்கிற பழக்கம்

இங்கே கொஞ்சம் அமெரிக்கா போய்வர வேண்டும். மூலச் சேனலான சிஎன்பிசி அங்கே தொடங்கியது 1989ல். மரியா பார்ட்டிரோமோ 1993ல் அதில் சேர்ந்தார். புரூக்ளின்காரர், அப்பா ஒரு உணவகம் நடத்தியவர். 1995ல் நியூயார்க் பங்குச்சந்தையின் வர்த்தகத் தளத்திலேயே நின்று தினமும் நேரலையாகச் செய்தி சொன்ன முதல் தொலைக்காட்சி நிருபர் அவர்தான். சுற்றிலும் ஆண்கள் கத்திக்கொண்டு ஓடுகிற தளம். இடித்துத் தள்ளிக்கொண்டு போவார்களாம். அதில் நின்று பேசியவருக்கு வால் ஸ்ட்ரீட் கொடுத்த பட்டம் "மணி ஹனி". பணத் தேன் என்று தமிழில் சொன்னால் அதன் அசட்டுத்தனம் தெரியும். ராக் பாடகர் ஜோயி ரமோன் அவர் பெயரில் பாட்டே எழுதினார்.

அதே பார்ட்டிரோமோ 2006ல் ஒரு விருந்தில் பெர்னான்கியிடம் பேச்சுக் கொடுத்து, "என்னைச் சந்தை தப்பாகப் புரிந்துகொண்டது" என்ற பொருளில் அவர் சொன்னதை வாங்கினார். மே 1ஆம் தேதி திரையில் அதைச் சொன்னதும் அமெரிக்கச் சந்தை இறங்கியது. பெர்னான்கி அப்போது பதவிக்கு வந்து மூன்று மாசம்தான். தன் தவறு அது என்று பிறகு ஒப்புக்கொண்டார். இப்படி உலக மத்திய வங்கியாளர்களில் முதல்வரின் வாயைத் திறக்கவைத்த நிருபருக்கு ஊடகம் ஞாபகம் வைத்திருக்கிற பெயர் தேன்.

இந்தியாவில் அவ்வளவு வெளிப்படையாக இல்லை. ஆனால் பார்வை ஒன்றுதான். ஷெரீன் பான் என்று இணையத்தில் தேடுங்கள், அவருடைய பேட்டிகளுக்குச் சமமாக அவர் புடவை, கல்யாணம் பற்றிய பக்கங்கள் வந்து நிற்கும். உதயன் முகர்ஜிக்கு அப்படி வருவதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தச் சேனலில் அவர் தனியாள் இல்லை. ரிசர்வ் வங்கி, வங்கித் துறை என்றால் லதா வெங்கடேஷ். கம்பெனிச் சட்டம் என்றால் மேனகா தோஷி. சந்தை நேரத்தில் மிதாலி முகர்ஜி, இன்று ஆக்ஸ்போர்டு ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர். லதா வெங்கடேஷ் வங்கித் தலைவர்களிடம் கேட்கும் விதம் எனக்குத் தனிப்பட்ட முறையில் ரொம்பப் பிடிக்கும். நம்ம ஊர்க் கணக்கு டீச்சர் மாதிரி, விடையை விட வழிமுறையைக் கேட்பார். இப்படிக் கேள்வி கேட்கிற நாற்காலிகளில் வரிசையாகப் பெண்கள். எதிரே பதில் சொல்கிற நாற்காலியில் வருஷக்கணக்காகப் பெரும்பாலும் ஆண்கள்.

எங்கள் ஊர்ப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூர் பற்றி 2004ல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். விவசாயக் கூலியாகவும் தொழிலாளியாகவும் இருந்த கொங்கு வேளாளர்கள் உழைப்பையே முதலாகக் காட்டி எப்படி முதலாளி ஆனார்கள் என்பது அதன் மையம். தலைப்பிலேயே சகோதர முதலாளித்துவம் என்று பொருள்படும் சொல் இருக்கிறது. அண்ணன் தம்பி, மாமன் மச்சான், பங்காளி. அக்கா தங்கச்சி அதில் இல்லை. அவர்கள் டெய்லராக, செக்கிங்கில், கைமடியாக, பேக்கிங்கில் இருந்தார்கள்.

ஷெரீன் பான் 2002லிருந்து நடத்திய 'யங் டர்க்ஸ்' நிகழ்ச்சியை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சுவாரசியம். இளம் தொழில்முனைவோரைக் கூப்பிட்டுப் பேசவைக்கிற நிகழ்ச்சி. டாட்காம் வெடித்துச் சிதறிய அடுத்த வருஷமே, "ஸ்டார்ட்அப்" என்ற சொல் நம் ஊரில் புழக்கத்துக்கு வராத காலத்திலேயே ஆரம்பித்தது. ஃபிளிப்கார்ட் பிறந்தது 2007ல்தான். 2014ல் இந்த நிகழ்ச்சியின் அடிப்படையில் சைனா தேனுகராவோடு சேர்ந்து புத்தகமும் எழுதினார். பெரிய குழுமத் தலைவர்கள் மட்டுமே திரையில் வந்த காலத்தில், இருபத்தெட்டு வயசுப் பையனை உட்காரவைத்து "பணம் எப்போ தீரும்?" என்று கேட்டது புதுசு. ஆனால் அதில் வந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிற, முதலீட்டு நிதி வாங்குகிற பெங்களூரு, டெல்லி ஆட்கள். நாலு மெஷினோடு ஷெட் போட்டு 200 பேருக்கு வேலை கொடுக்கிற நம்ம ஊர் ஆளும் தொழில்முனைவோர்தான். அவர் கதைக்கு "ஃபவுண்டர்" என்ற சொல் வந்து ஒட்டவே இல்லை.

கேட்காமல் போன கேள்விகள்

2007ல் நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முழுமை ஆகாது. அந்த வருஷத் தொடக்கத்தில் டாலர் 44 ரூபாய். வருஷக் கடைசியில் 39. இந்தியா ஒளிர்கிறது, அந்நிய முதலீடு கொட்டுகிறது, ரூபாய் வலுப்பெறுகிறது என்று சந்தைச் செய்தியில் சந்தோஷம். டாலரில் ஆர்டர் எடுத்திருந்த ஊருக்கு அது பத்துக்கு ஒரு பங்கு வருமானம் போன வருஷம். பனியன் ஏற்றுமதியில் லாபமே அவ்வளவுதான் இருக்கும், பல பேருக்கு அதுகூட இருக்காது.

அந்த நேரத்தில்தான் வங்கிகள் வேறு ஒரு சரக்கைக் கொண்டுவந்தன. சாதாரண ஃபார்வர்ட் கவர் இல்லை, டெரிவேட்டிவ். டாலருக்கும் ஸ்விஸ் பிராங்குக்கும், டாலருக்கும் யென்னுக்கும் நடுவில் உள்ள விகிதம் குறிப்பிட்ட எல்லையைத் தொடாவிட்டால் உங்களுக்கு இவ்வளவு பணம், தொட்டுவிட்டால் நீங்கள் எங்களுக்கு இவ்வளவு என்கிற மாதிரி ஒப்பந்தங்கள். ஸ்விட்சர்லாந்துக்கு ஒரு பனியன்கூட அனுப்பாதவர்கள் ஸ்விஸ் பிராங்கில் கையெழுத்துப் போட்டார்கள். 2008ல் டாலர் சரிந்தபோது எல்லை உடைந்தது. திருப்பூரிலும் கோவையிலும் நிறைய பேர் மாட்டிக்கொண்டார்கள், நீதிமன்றம் போனார்கள். கோவையின் ராஜஸ்ரீ சுகர்ஸ் ஆக்சிஸ் வங்கிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 2008 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி. ராமசுப்பிரமணியன், இது சூதாட்ட ஒப்பந்தம் என்ற வாதத்தை ஏற்கவில்லை.

கையெழுத்துப் போட்டவரின் பேராசை, விற்றவரின் சாமர்த்தியம் இரண்டும் இதில் உண்டு. என் கேள்வி வேறு. பங்கு விலையை நொடிக்கு நொடி சொன்ன ஒரு ஊடகத் துறை முழுக்க இருந்தும், "இந்தச் சரக்கு என்ன, யாருக்கு விற்கிறீர்கள், அவருக்குப் புரிகிறதா?" என்ற கேள்வி விற்பனை நடந்த 2007லேயே எங்கள் ஊர் ஆபீஸ் ரூமுக்கு வந்து சேரவில்லை. வந்திருந்தாலும் ஆங்கிலத்தில் வந்திருக்கும், டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஹிந்திக்கு 2005ல் சிஎன்பிசி ஆவாஸ் வந்தது. குஜராத்திக்கு 2014ல் சிஎன்பிசி பஜார் வந்தது. அங்கே பங்கு வாங்குகிற கூட்டம் இருக்கிறது, விளம்பரம் கிடைக்கும். ஏற்றுமதி பண்ணுகிற கூட்டத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை போல.

செக்கிங் யார் சம்பளத்தில்?

திரும்ப 2013க்கு வருகிறேன். ஷெரீன் பான் பொறுப்பேற்பதற்குச் சில வாரம் முன்பு, அந்த ஆகஸ்டில்தான், நெட்வொர்க்18 குழுமச் சேனல்களில் 300க்கும் மேற்பட்டவர்கள் வேலையிலிருந்து அனுப்பப்பட்டார்கள் என்று செய்திகள் வந்தன. ஆள் குறைந்த செய்தி அறை, விழுகிற ரூபாய், இரண்டையும் ஒன்றாகக் கையில் வாங்கிக்கொண்டார்.

ஒன்பது மாசம் போனது. 2014 மே கடைசியில் ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ், நெட்வொர்க்18ஐ எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. சுமார் 4,000 கோடி ரூபாய். ராகவ் பஹல் வெளியேறினார். அதே குழுமத்தின் ஆங்கிலச் செய்திச் சேனலிலிருந்து ராஜ்தீப் சர்தேசாய், சாகரிகா கோஷ் போனார்கள். ஷெரீன் பான் இருந்தார்.

ஏன் இருந்தார் என்று அவர் மனசுக்குள் புகுந்து எழுத எனக்கு உரிமை இல்லை. அமைப்பைப் பற்றி மட்டும் பேசலாம். எங்கள் ஊரில் இதற்கு நேர் உதாரணம் இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியிலும் செக்கிங் டேபிள் உண்டு. கம்பெனிச் சம்பளத்தில் இருக்கிற பெண்கள் பீஸைத் திருப்பிப் பார்த்து ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாவற்றுக்கும் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அவர்கள் நேர்மையானவர்கள்தான். ஒழுங்காகப் பார்க்கவில்லை என்றால் முதலாளியே திட்டுவார். இருந்தாலும் பையர் அதை நம்பி ஷிப்மெண்ட் அனுப்பச் சொல்வதில்லை. தன் ஆளையோ மூன்றாம் நிறுவன ஆளையோ அனுப்பி, பெட்டியை உடைத்து, மாதிரி எடுத்து, கணக்குப்படி பார்ப்பான். செக்கிங் அக்காவின் நேர்மையைச் சந்தேகப்பட்டு இல்லை. அவர் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பது அவனுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

தொலைத்தொடர்பு, எண்ணெய், சில்லறை வணிகம் என்று இந்தியப் பொருளாதாரத்தின் பாதித் துறைகளில் இருக்கிற குழுமம் ஒரு வணிகச் சேனலுக்கு உடைமையாளர் ஆகும்போது, அந்தச் சேனலின் ஆசிரியர் நாற்காலி செக்கிங் டேபிள் ஆகிவிடுகிறது. யார் உட்கார்ந்தாலும் அப்படித்தான். அந்தக் குழுமத்தின் மணிகண்ட்ரோல் தளத்தில் ரிலையன்ஸ் பற்றிய செய்தி வந்தால் கடைசியில் ஒரு வாக்கியம் போடுவார்கள்: தாங்கள் எந்த அறக்கட்டளையின் கீழ் இருக்கிறோம், அதன் ஒரே பயனாளி யார் என்று. நேர்மையான வாக்கியம். ஸ்டிக்கர் மாதிரி.

இதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். 2005ல் தொடங்கிய என்டிடிவி பிராஃபிட் 2017ல் மூடப்பட்டது. 2022 கடைசியில் என்டிடிவி அதானி குழுமத்தின் கைக்குப் போனது, 2023 டிசம்பரில் பிராஃபிட் புதுசாகத் திரும்பி வந்தது. நாட்டின் மிகப் பெரிய குழுமங்களில் இரண்டு இப்போது ஆளுக்கொரு வணிகச் சேனல் வைத்திருக்கின்றன. கீழ்மட்டத்திலும் கோளாறு இருந்தது. ஹிந்தி வணிகச் சேனல் ஒன்றின் தொகுப்பாளர் மீது 2021 ஜனவரியில் செபி இடைக்காலத் தடை போட்டது. தான் திரையில் பரிந்துரைக்கப்போகும் பங்கைக் குடும்பத்தார் கணக்கில் முன்கூட்டியே வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. 2024 பிப்ரவரியில் இன்னொரு ஹிந்திச் சேனலின் விருந்தினர் நிபுணர்கள் மீது அதே மாதிரி உத்தரவு. இரண்டும் பங்கு விலை சொல்கிற நிகழ்ச்சிகளில்தான் வந்தன என்பதைக் கவனியுங்கள். விலை சொல்கிற வேலையில் அந்த ஆசைக்கு வழி அதிகம்.

ஷெரீன் பான் வேலை வாழ்க்கையின் பெரும்பகுதி அந்தப் பக்கம் இல்லை. பட்ஜெட் முடிந்ததும் நிதியமைச்சர் பேட்டி, டாவோஸில் மத்திய வங்கியாளர் பேட்டி, பணமதிப்பிழப்பு, ஜிஎஸ்டி. 2016 நவம்பர் 8 இரவுக்குப் பிறகு திருப்பூரில் வாரக்கூலி எப்படிக் கொடுப்பது என்று கம்பெனிகள் விழித்தது எல்லோருக்கும் தெரியும். அடுத்த ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஜாப் ஒர்க்குக்கு எத்தனை சதவீதம், கட்டின வரி எப்போது திரும்பி வரும் என்பதுதான் டீக்கடைப் பேச்சு. இதெல்லாம் டெல்லியில் ஒரு மைக்குக்கு முன் யாரோ கேட்டால்தான் பதில் வரும். ஒரு அமைச்சர் பேட்டியில் அவர் ஒரே கேள்வியை வார்த்தை மாற்றி மூன்று தடவை கேட்பதைப் பார்த்திருக்கிறேன். குரல் ஏறாது. சிரிப்புகூட இருக்கும். மூன்றாவது தடவை பதில் சொல்லாமல் தப்பித்தது நமக்கே தெரிந்துவிடும். கரண் தாப்பரிடம் தாள் தேடித் தந்த நாட்கள் வீண் போகவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அரசிடம் இப்படிக் கேட்க முடிகிறது. உடைமையாளரிடமும் இதே மூன்றாவது தடவை கேட்கிற வாய்ப்பு எந்த வணிகச் சேனல் ஆசிரியருக்கு இருக்கிறது என்பதுதான் மீதி.

2025 ஆகஸ்ட் 27ல் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான கூடுதல் வரியை 50 சதவீதம் ஆக்கியது. திருப்பூர் சரக்குக்கு அமெரிக்கா மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று. அந்த வாரம் ஊரில் யாரும் பங்கு விலை பார்க்கவில்லை. பையர் பாதி வரியை ஏற்பானா, கட்டிங் போட்டிருக்கிற ஆர்டரை நிறுத்துவதா, பிரிட்டனோடு ஜூலை 24ல் கையெழுத்தான ஒப்பந்தம் எப்போது அமலுக்கு வரும், இதுதான் கேள்வி. டெல்லியில் வர்த்தக அமைச்சர் என்ன சொல்கிறார் என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஆங்கிலப் பேட்டித் துண்டுகள் சுற்றின. கூடவே யாராவது ஒரு மெர்ச்சண்டைசர் பொண்ணு தமிழில் ஒரு குரல் பதிவு போட்டிருக்கும், "அண்ணா, இவர் தேதி எதுவும் சொல்லலைங்க" என்று.

டெரிவேட்டிவ் வழக்குகள் தனியாக எழுத வேண்டிய விஷயம். ராஜஸ்ரீ சுகர்ஸ் தீர்ப்பு நீளமானது, ஆனால் படிக்கத் தூண்டுகிற நடை. அடுத்த பதிவு அதைப் பற்றித்தான்.